ஒற்றைத் தாளா, முழுப் புத்தகமா? பழைய பறவை நூல் வாங்கும் முன்

பழைய பறவைப் புத்தகம் சேர்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே ஆடுபான் பெயர் வந்துவிடும். சரி, அவரை முதலிலேயே பேசி முடித்துவிடுவோம். ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் அமெரிக்கப் பறவைகள் நூல் 1827 முதல் 1838 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. மொத்தம் 435 படங்கள். ஒவ்வொரு தாளும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். எந்தப் பறவையையும் நிஜ அளவிலேயே வரைவேன் என்று மனிதர் பிடிவாதமாக இருந்ததால், பூநாரையின் கழுத்தை வளைத்துத் தரைவரை குனிய வைத்துத்தான் அந்தத் தாளுக்குள் அடக்க முடிந்தது. இன்று முழுமையாக இருக்கும் செட்டுகள் சுமார் 120. அவற்றில் பெரும்பாலானவை நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. 2010-இல் லண்டன் ஏலத்தில் ஒன்று 73 லட்சம் பவுண்டுக்குப் போனது. நாம் அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

கையில் சில ஆயிரமோ, மிஞ்சினால் ஓரிரு லட்சமோ ஒதுக்கி வைத்திருக்கிறவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பறவை பார்க்கிறவர், பழைய அச்சின் மேல் ஆசை உள்ளவர், வாங்கியதை அடிக்கடி திறந்து பார்க்க விரும்புகிறவர். முதலீடாக நினைப்பவர்கள் தங்கமே வாங்கலாம், விற்க எளிது. இந்தத் தொகைக்குள் நான்கு வழிகள் உண்டு. பெரிய பெயருள்ள நூலிலிருந்து பிரிந்து வந்த ஒற்றைப் படத்தாள், அவ்வளவு புகழ் இல்லாத, ஆனால் முழுமையான பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல், இருபதாம் நூற்றாண்டில் நம் பக்கத்துப் பறவைகளைப் பற்றி வந்த நூல்கள், மறுபதிப்பு. என் சாய்வு இரண்டாவது பக்கம். ஏன் என்பதைச் சொல்ல, மற்றவற்றின் கவர்ச்சியையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒற்றைத் தாளில் தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஜான் கூல்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லண்டன் விலங்கியல் சங்கத்தில் பறவைகளைப் பாடம் செய்யும் வேலையில் இருந்தவர். இமயமலையிலிருந்து வந்து சேர்ந்த பறவைத் தோல்களை வைத்து 1830-களின் தொடக்கத்தில் ஒரு நூல் போட்டார். 80 தாள்களில் 100 பறவைகள். அவர் கச்சாவாகக் கோடு போட்டுக் கொடுப்பார். அச்சுக்கான கல்லில் உண்மையில் வரைந்தவர் அவர் மனைவி எலிசபெத். தாளின் அடியில் 'ஈ. கூல்ட்' என்று அவர் பெயர்தான் இருக்கும். 1841-இல் அவர் இறந்த பிறகு வேறு ஓவியர்களை வைத்துக் கூல்ட் தொடர்ந்தார். ஆசியப் பறவைகள் நூல் மட்டும் 1850-இல் ஆரம்பித்து, கூல்ட் இறந்த பின் 1883-இல்தான் முடிந்தது, 530 படங்கள். இமயத்தில் திரியும் ஒரு தேன்சிட்டுக்கு எலிசபெத்தின் பெயர் இன்றும் இருக்கிறது.

இப்படி ஒரு நூலை முழுதாக வாங்க முடியாது. ஆனால் அதிலிருந்து ஒரு தாளை வாங்கலாம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், தினமும் பார்க்கலாம். நூலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கிற ஒன்றின் துண்டு நம் வீட்டில் இருக்கிறது என்ற மகிழ்ச்சி பொய்யில்லை.

சிக்கல் எங்கே என்றால், அந்தத் தாள் எப்படித் தனியாக வந்தது என்பதில். முழு நூலுக்குக் கிடைக்கும் விலையைவிட, அதைப் பிரித்துத் தாள் தாளாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்றால், வியாபாரி கத்தியை எடுப்பார். ஆடுபான் நூலின் சிறிய பதிப்புக்கு, அதாவது 1840 முதல் 1844 வரை ஏழு தொகுதிகளில் 500 படங்களோடு வந்ததற்கு, இந்தக் கதி நிறையவே நேர்ந்திருக்கிறது. படம் பிழைத்துக்கொள்ளும், பறவையைப் பற்றி எழுதிய பக்கங்கள் குப்பைக்குப் போகும். ஏற்கெனவே சிதைந்த நூலிலிருந்து வந்த தாள் என்று விற்பவர் சொல்வார். அது உண்மையா என்று சோதிக்க வழியில்லை. இதனால் ஒற்றைத் தாளே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, ஒன்றிரண்டு போதும் என்கிறேன். பத்துத் தாள் சேர்க்கும் பணத்தில் ஒரு முழு நூல் வந்துவிடும்.

வாங்குவதானால் ஒரு சூட்சுமம். ஆந்தை, கிளி, கழுகு, மீன்கொத்தி இவற்றுக்கு எப்போதும் விலை கூடுதல், ஏனென்றால் அவற்றை வாங்குபவர்களில் பாதிப்பேர் வீட்டை அலங்கரிக்கிறவர்கள். வானம்பாடி, கதிர்க்குருவி, சிலம்பன் மாதிரிப் பழுப்புப் பறவைகள் அதே ஓவியர், அதே அச்சு, அதே தாள், ஆனால் விலை கீழே கிடக்கும். பறவை பார்க்கிறவருக்கு அந்தப் பழுப்புக் குருவிகளை அடையாளம் காண்பதில்தானே சுவாரஸ்யம்.

எது அசல் என்று பார்க்க, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். வரிசை தப்பாமல் ஒரே சீராகப் புள்ளிகள் தெரிந்தால் அது நவீன அச்சு; எவ்வளவு பழுப்பேறிய தாளாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கல்லச்சில், அதாவது லித்தோகிராஃபில், கோடுகள் சாக்பீஸால் சொரசொரப்பான கல்லில் இழுத்த மாதிரி மணல்மணலாக இருக்கும். அதன்மேல் கையால் வண்ணம் தீட்டியிருந்தால் தூரிகை ஓரிடத்திலாவது கோட்டைத் தாண்டியிருக்கும், வண்ணம் காய்ந்த ஓரத்தில் கொஞ்சம் அடர்ந்திருக்கும். குரோமோலித்தோ என்பது பல வண்ணங்களையும் கல்லிலிருந்தே அச்சடிப்பது. அதில் பல நிறப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்கில்லாமல் கிடக்கும். ஆடுபானின் பெரிய பதிப்பு போன்ற செப்புத்தகட்டு அச்சானால், வெட்டப்படாத தாளில் படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய தடம் விரலில் தட்டும்.

இனி நான் சிபாரிசு செய்யும் நூல். ஆலன் ஆக்டேவியன் ஹியூமும் சார்லஸ் மார்ஷலும் சேர்ந்து இந்தியா, பர்மா, இலங்கை நாடுகளின் வேட்டைப் பறவைகளை, அதாவது மனிதர் வேட்டையாடும் பறவைகளைப் பற்றி மூன்று தொகுதிகள் போட்டார்கள். கல்கத்தாவில் 1879 முதல் 1881 வரை வந்தது. காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே ஹியூம்தான். சுமார் 140 வண்ணப்படங்கள், எல்லாம் குரோமோலித்தோ. ஏலத்திலும் பழைய புத்தக வியாபாரிகளிடமும் இது அடிக்கடி தலைகாட்டும். கூல்ட் நூல் ஒன்றுக்குக் கேட்கும் விலையில் இது ஒரு சிறு பங்குதான்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். படங்களின் தரம் ஒரே சீராக இல்லை. இதைச் சொன்னவர் வேறு யாருமல்ல, ஹியூமே. ஓவியர்கள் ஏமாற்றிவிட்டார்கள், சிலர் அலட்சியமாக இருந்தார்கள், சிலர் பறவை சரியாக இருப்பதைவிடப் படம் அழகாக இருப்பதையே பார்த்தார்கள், பலவற்றை நஷ்டப்பட்டுத் தள்ளியும் திருப்தியில்லாத சிலவற்றை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று என்று தன் நூலிலேயே புலம்பியிருக்கிறார். பணம் போட்டுப் போட்ட புத்தகத்தில் இப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும். அப்புறம், இது வேட்டைக்காரர்களுக்கான நூல். எந்தப் பறவையைச் சமைத்தால் எப்படியிருக்கும் என்பதெல்லாம் உண்டு. படிக்கக் கூச்சமாக இருந்தால் இது உங்களுக்கில்லை. மாங்குயில், தேன்சிட்டு, கொண்டலாத்தி எதுவும் கிடையாது. மயில், காட்டுக்கோழி, கவுதாரி, காடை, வாத்து, உள்ளான் இப்படித்தான் போகும்.

இத்தனைக்கும் பிறகும் இதைச் சொல்வதற்குக் காரணம், இதில் படமும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்குகின்றன. நாடெங்கும் இருந்த அதிகாரிகளும் வேட்டைக்காரர்களும் எழுதியனுப்பிய குறிப்புகளை ஹியூம் கோத்திருக்கிறார். எந்த மாவட்டத்தில் எந்த மாதம் எவ்வளவு தென்பட்டது என்ற செய்தி பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒவ்வொரு பறவைக்கும் உள்ளூர்ப் பெயர்கள் தலைப்பின் கீழே உண்டு, தமிழும் தெலுங்கும் உட்பட. ராஜஸ்தானில் விரல் விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்ட கானமயில், அன்று எங்கெல்லாம் மேய்ந்தது என்பதை அதில் படிக்கலாம். இமயமலைக் காடையை யாரும் உறுதியாகப் பார்த்தது 1876-இல்தான் கடைசி. நூல் வந்தது அடுத்த சில ஆண்டுகளில். அது அழிந்துகொண்டிருக்கிறது என்று தெரியாமலே எழுதப்பட்ட பக்கம் அது. இளஞ்சிவப்புத் தலை வாத்தும் மூன்றாம் தொகுதியில் இருக்கிறது. அதைப் பற்றி 1949-க்குப் பிறகு உறுதியான பதிவு இல்லை. இந்தப் படங்களைப் பிரித்துச் சட்டம் போட்டு மாட்டினால் சுமாரான வாத்துப் படம், அவ்வளவுதான்.

ஹியூமைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், காகிதம் சேர்க்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிப் பெரிய நூலொன்றுக்காக அவர் ஆண்டுக்கணக்காக எழுதிக் குவித்திருந்த கையெழுத்துப் பிரதிகளை, அவர் வெளியூர் போயிருந்தபோது வேலைக்காரர் ஒருவர் சிம்லா கடைவீதியில் எடைக்குப் போட்டுவிட்டார். மனம் விட்டுப்போன ஹியூம் தன் பறவைத் தோல்களை, 80,000-ஐத் தாண்டும், 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். அவர் எழுதியிருக்க வேண்டிய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. வேட்டைப் பறவைகள்தான் மிச்சம்.

அதே ஆண்டுகளில், 1878 முதல் 1880 வரை, வின்சென்ட் லெக்கின் இலங்கைப் பறவைகளின் வரலாறு லண்டனில் வந்தது. லெக் டாஸ்மேனியாவில் பிறந்தவர், பீரங்கிப் படை அதிகாரியாக 1868 முதல் 1877 வரை இலங்கையில் இருந்தார். இதில் படங்கள் 34 அளவில்தான், ஆனால் வரைந்தவர் கூலெமன்ஸ். டச்சுக்காரர், லண்டனில் குடியேறி, அந்தக் காலத்துப் பறவை நூல்களில் பாதிக்குக் கை கொடுத்தவர். கையால் வண்ணம் தீட்டியவை. ஹியூம் நூலையும் இதையும் பக்கத்தில் வைத்துத் திறந்தால் படத்தைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. கூலெமன்ஸின் பறவை கிளையில் எடையோடு உட்கார்ந்திருக்கும். எழுத்தும் குறைந்ததல்ல, தீவின் எல்லாப் பறவைகளையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் எடுத்துக்கொள்கிறார். தமிழ்நாட்டில் நாம் பார்ப்பவற்றில் பெரும்பகுதி அதில் வந்துவிடும். பிறகு ஏன் இது முதல் இடத்தில் இல்லை? விலை. ஹியூமைப் போலப் பல மடங்கு கேட்பார்கள், சந்தைக்கு வருவதும் குறைவு. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வேர் உள்ளவர், பணமும் உள்ளவர் என்றால் ஹியூமை விட்டுவிட்டு இதற்குக் காத்திருங்கள் என்பேன். மற்றவர்களுக்கு இலங்கையில் 1983-இல் வந்த நான்கு தொகுதி மறுபதிப்பு இருக்கிறது.

இங்கிலாந்துப் பறவைகள் போதும் என்பவருக்கு மாரிஸ் பாதிரியாரின் ஆறு தொகுதிகள் மலிவாகவே கிடைக்கும். 1850-களில் யார்க்‌ஷயர் சிற்றூர் ஒன்றில் மரக்கட்டை அச்சில் எடுத்து வண்ணம் தீட்டியவை, பல பதிப்புகள் கண்டவை. கை வண்ணம் எப்படியிருக்கும் என்று கண்ணைப் பழக்க நல்ல நூல். எழுத்தில் உபதேசம் அதிகம். எனக்குப் பத்துப் பக்கம் தாண்டவில்லை.

நம் சென்னையிலேயே ஒன்று அச்சானது. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜெர்டன், பெரும்பாலும் தென்னிந்தியப் பறவைகள் ஐம்பதைத் தேர்ந்தெடுத்து 1843 முதல் 1847 வரை பகுதிகளாக வெளியிட்டார். இந்திய ஓவியர்கள் வரைந்த படங்களும் அதில் உண்டு. யாருடைய அலமாரியிலிருந்தாவது இது வெளியே வந்தால் நான்கு நாட்டு நூலகங்கள் வரிசையில் நிற்கும். ஆகவே வாங்கும் பட்டியலில் சேர்க்காமல், பார்க்கும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். பல்லுயிர் மரபு நூலகம் (Biodiversity Heritage Library) என்ற இணையத் திரட்டில் இதையும், ஹியூமையும், லெக்கையும், கூல்டையும் இலவசமாகப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். எந்த நூலை வாங்குவதானாலும் அங்கே ஒருமுறை முழுதாகப் புரட்டிவிட்டு வாங்குங்கள். விற்பவர் அனுப்பும் நான்கு அழகான புகைப்படங்களை மட்டும் நம்பிப் பணம் கட்டத் தேவையில்லை.

பட்ஜெட் இருபதாயிரத்துக்குள் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டை மறந்துவிடுவதே நல்லது. அந்தத் தொகையில் வருவது பெரும்பாலும் படம் குறைந்த, அட்டை போன பிரதி. அதற்குப் பதில் ஜி. எம். ஹென்றியைத் தேடுங்கள். கண்டித் தேயிலைத் தோட்டமொன்றில் 1891-இல் பிறந்து, கொழும்பு அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். அவர் வரைந்து, வெயிட் என்ற சிவில் அதிகாரி விளக்கம் எழுதிய இலங்கைப் பறவைகளின் வண்ணப்படங்கள் 1927 முதல் 1935 வரை நான்கு பகுதிகளாக வந்தன, பகுதிக்கு 16 படம். பாடம் செய்த தோலைப் பார்த்து வரைந்தவருக்கும் பறவை உயிரோடு திரிவதைப் பார்த்தே வளர்ந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை இதில் உணரலாம். நான்கும் சேர்ந்து கிடைக்காவிட்டாலும் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், அதில் ஒரு தனி ருசி உண்டு. சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூலின் 1941 முதல் பதிப்பும் இந்த வரிசையில் வரும். அது படத்துக்காக வாங்கும் நூல் அல்ல. இந்தியாவில் சாதாரண மனிதன் பறவை பார்க்கத் தொடங்கியதன் சாட்சி அது. மேலுறை இருந்தால் விலை எகிறும், மேலுறைக்காகப் பணம் கொடுப்பதா என்பதை உங்கள் மனசிடம் கேளுங்கள்.

மறுபதிப்பை மட்டமாகப் பேசுவது சேகரிப்பாளர்களின் வழக்கம், நான் அதில் சேரமாட்டேன். ஆடுபானின் பெரிய பதிப்பை 1971–72-இல் ஆம்ஸ்டர்டாமில் 250 செட் மட்டும் முழு அளவில் மறுபடி அச்சிட்டார்கள். இப்போது அதுவே அரிய பொருளாகிவிட்டது. படிக்கவும் மடியில் வைத்துப் புரட்டவும் மறுபதிப்பு, வைத்துப் போற்ற ஒரே ஒரு அசல் என்று பிரித்துக்கொண்டால் பணமும் மிஞ்சும், அசலும் கிழியாது.

வாங்கும் நேரத்தில் முதல் வேலை, நூலிலேயே இருக்கும் படப் பட்டியலை வைத்துத் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணுவது. தூரத்து வியாபாரியானால், முழுமையான பிரதி என்று எழுத்தில் வாங்குங்கள். முன்னுரை, பட்டியல், பகுதிகளின் பழைய மேலட்டை இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். தொலைந்த படத்துக்குப் பதில் நகல் ஒட்டியிருக்கிறதா என்பதற்குத்தான் அந்த லென்ஸ். தாளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருப்பது நூற்றாண்டு தாண்டிய காகிதத்தில் சகஜம், ஓரத்தில் இருந்தால் விட்டுவிடலாம். பறவையின் முகத்தில் இருந்தால் விலை பேசலாம். நூலக முத்திரை இருந்தால், அந்த நூலகம் முறைப்படிக் கழித்த நூலா என்று கேட்டே ஆக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், புத்தகமும் தனிப் படத்தாளும் சுங்கத்தில் வேறு வேறு இனங்கள். ரசீதில் எது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இங்கிருந்து வெளியே அனுப்புவது அதைவிடச் சிக்கல். நூறாண்டு தாண்டிய பொருட்களுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும், ஆவணங்களுக்கு 75 ஆண்டே போதும். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்பலாம் என்ற எண்ணம் இருந்தால் முதலில் தொல்லியல் துறையிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பின் பகை மூன்று: ஈரம், வெயில், ராமபாணப் பூச்சி. சென்னை மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கிப் போட்டால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். சுவரை ஒட்டாத அலமாரியில், காற்று போகும்படி, பெரிய தொகுதிகளைப் படுக்க வைப்பது உத்தமம். மாதம் ஒருமுறை திறந்து புரட்டினாலே பூச்சிக்குப் பாதி பயம். கையால் வண்ணம் தீட்டிய தாளைச் சுவரில் மாட்டினால் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். லேமினேஷன் கூடாது, கிழிந்த இடத்தில் செலோடேப் கூடவே கூடாது.

பழைய சொந்தக்காரர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் ரப்பரைத் தொடாதீர்கள். வேட்டைப் பறவை நூல்களில் இது அடிக்கடி வரும்: ஒரு தேதி, ஒரு குளத்தின் பெயர், இத்தனை உள்ளான் என்று ஒரு கணக்கு. அந்தக் குளத்தில் அந்த ஆண்டு என்ன இருந்தது என்பதற்கு வேறு பதிவே இல்லாமல் போகலாம். வியாபாரிகள் பலர் இதைக் குறை என்று எழுதி விலையைக் குறைத்திருப்பார்கள். மறுபேச்சுப் பேசாமல் அந்த விலைக்கே வாங்கிவிடுங்கள்.